பக்கத்து மேஜை வெளிச்சம்

மேல் முகம், கீழ் முகம், இரண்டு காது, நடுத் துளை, கடைசியாகக் காது உடம்போடு சேருகிற வளைவு. ஒன்பது வருஷமாக என் கை இந்த வரிசையில்தான் பீஸைத் திருப்புகிறது, தூக்கத்தில் தலையணையைக்கூட இப்படித்தான் திருப்புகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்வார். வேனின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வார்ப்பிரும்பு பிராக்கெட், முக்கால் கிலோ, இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பொத்தல் உண்டா, விரிசல் உண்டா, மணல் ஒட்டியிருக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்கிற வேலை. அறுத்துப் பார்க்கக் கூடாது, உடைத்துப் பார்க்கக் கூடாது, ஒரு கீறல் விழாமல் பார்த்துவிட்டுக் கீழே வைக்க வேண்டும். சரியாக இருந்தால் காது ஓரத்தில் பெயிண்ட் பேனாவால் ஒரு பொட்டு. எனக்குப் பச்சை, மாசிலாமணி அண்ணனுக்கு மஞ்சள், சிந்துஜாவுக்கு வெள்ளை. எந்த ஊர் வேனில் எந்தப் பீஸ் முறிந்தாலும் பொட்டைப் பார்த்து ஆளைப் பிடித்துவிடலாம். இன்றைக்குப் பொட்டு கிடையாது, பேப்பரும் பேனாவும்தான், ஏனென்றால் இன்றைக்குப் பரீட்சை பீஸுக்கு இல்லை, எங்கள் மூன்று பேருக்கு. திங்கட்கிழமையிலிருந்து ஃபைனல் மேஜையில் ஒரே ஒருவர்தான். அவர் பெயரைப் புதிதாக வந்த கஸ்டமருக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மற்ற இரண்டு பேர் கிரைண்டிங் ஷெட்டுக்குப் போய், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, பிசிறு தேய்த்த பீஸை அடுக்க வேண்டும். குவாலிட்டி மேனேஜர் தியாகு சார் ஒன்பது மணிக்கே வந்து நின்று சொன்னார்: "முப்பது பீஸ். எது நல்லது, எது கெட்டதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ட்ரேவுக்குப் பத்து. பாத்து முடிச்சா ட்ரேவ வலது பக்கம் தள்ளி விடுங்க. சரின்னா டிக், வேண்டாம்னா கிராஸ். ரெண்டு சுத்து. ரெண்டாவது சுத்துலயும் இதே முப்பதுதான் வரும், கலைச்சு, வேற நம்பர் ஒட்டி. மத்தவங்களோட ஒத்துப் போறீங்களாங்கறது அப்பறம், உங்களோட நீங்களே ஒத்துப் போறீங்களான்னு பாக்கத்தான் ரெண்டு சுத்து." கேட்டேன். காதில் விழுந்தது. ஆனால் அந்த நேரத்தில் சிந்துஜாவின் கண்மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு வருகிறவள் இவ்வளவு நேர்த்தியாக மை தீட்டிக்கொண்டு வருவாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அவளைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது. இதை வெளியே சொல்ல முடியாது, எனக்குள் சொல்லிக்கொள்ள என்ன தடை. இருபத்துநான்கு வயசு, டிப்ளமோ, அன்னூரிலிருந்து வண்டியில் வருகிறாள், வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. வந்த முதல் வாரமே என் பச்சைப் பொட்டு வைத்த பீஸ் ஒன்றைக் கையில் எடுத்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்து, என் ட்ரேயிலேயே திரும்ப வைத்து, யாருக்கும் கேட்காத குரலில், "அக்கா, ஒருக்கா இந்தத் துளைக்குள்ள பாத்துருங்க்கா" என்றாள். துளைக்குள் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பொத்தல். அவள் தியாகு சாரிடம் போய்ச் சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்திருக்கும், மூன்றாம் நாள் சமமாகியிருக்கும். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. மத்தியானம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து நெல்லிக்காய் ஊறுகாய் வேறு கொடுத்தாள். அந்த நல்ல குணத்தை நான் என்ன செய்வது, எங்கே கொண்டுபோய் வைப்பது. முன்பெல்லாம் தியாகு சார் வெளியாட்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் என் மேஜை முன்னால் நிறுத்தி, "ருக்மணியக்கா கண்ணு எங்க லேப்புக்குச் சமம்" என்பார். போன மாசம் வந்தவர்களை அவள் மேஜை முன்னால் நிறுத்தினார். நான் தலையைத் தூக்கவில்லை, பீஸைத் திருப்பிக்கொண்டே இருந்தேன், அன்றைக்கு மட்டும் நல்ல பீஸ் எத்தனையை ரிஜெக்ட் பெட்டியில் போட்டேனோ தெரியாது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். என் கண் அவள் மேல் பட்டு அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு தும்மல்கூட வரவில்லை. என் வயிறுதான் எரிகிறது.

"அக்கா, கோட்டுக்குள்ள" என்கிறார் தியாகு சார். மேஜையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறது, கண்ணிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் பீஸ் தள்ளிப் போகக் கூடாது என்று. என் கை தானாக நீண்டுவிட்டிருக்கிறது. சரி சார் என்று முழங்கையை மடக்குகிறேன், மடக்கியதும் பீஸின் முகம் கலங்குகிறது. இரண்டு வருஷமாக இப்படித்தான். கிட்டத்தில் இருப்பது கரைகிறது, தள்ளி இருப்பது பளிச்சென்று இருக்கிறது. நாற்பத்துநான்கு வயசில் எல்லாருக்கும் வருவதுதானே, கண்ணாடி போட்டால் போயிற்று. கண்ணாடி போட்டவர்களை வேண்டாம் என்று ரூல்ஸில் எங்கேயும் இல்லை. மாசிலாமணி அண்ணன் கயிறு கட்டின கண்ணாடியோடுதான் இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவரை யாரும் லேப்புக்குச் சமம் என்று சொன்னதில்லையே. நான் கண்ணாடியோடு வந்து உட்கார்கிற அன்றைக்கு அந்தப் பேச்சு முடிந்துவிடும், பக்கத்தில் மை தீட்டின கண்ணோடு அவள் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு தை மாசமும் நர்ஸ் ஒரு அட்டையைக் கொண்டுவந்து காட்டுவாள், ஆகச் சின்ன எழுத்தில் கடைசிப் பத்தி, படிக்க வேண்டும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அது எறும்பு வரிசையாகத் தெரிந்தபோது, நர்ஸ் பேனா எடுக்கத் திரும்பின நேரத்தில் போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தத் தடவை ஊகித்துத் தட்டுத் தடுமாறித் தப்பித்தேன், அப்புறம் வீட்டில் பெரிதாக்கிப் பார்த்து மனப்பாடம் செய்தேன். மழை விட்ட மறுநாள் வயல்களில் கொக்குகள் வந்து இறங்கின, அவற்றின் கால்கள் சேற்றில் புதைந்திருந்தன. மகள் கேட்டாள், என்னம்மா மந்திரமா என்று. நர்ஸிடம் ஒப்பிக்கும்போது 'அவற்றின்' வரும் இடத்தில் கொஞ்சம் தடுமாறுவேன், பார்த்துப் படிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று. எல்லாருக்கும் ஒரே அட்டைதான், மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் பீஸ் அட்டை இல்லை. பீஸை மனப்பாடம் செய்ய முடியாது.

மனப்பாடம் செய்ய முடியாது என்றாலும் முகம் தெரியும். ஒன்பது வருஷம் பார்த்தவளுக்கு எந்த இரண்டு பீஸும் ஒன்று போல இருக்காது. இதோ முதல் ட்ரேயில் ஏழாவதாக எடுத்தது, இடது காதில் அரிசி மணி அளவுக்கு ஒரு தேய்ப்புத் தழும்பு, கிரைண்டிங்காரன் கை நழுவியிருக்கிறான். தழும்பு தப்பில்லை. தப்பு எங்காவது இருந்தால் வளைவில் இருக்கும். கலங்கலாகத்தான் தெரிகிறது, ஆனால் எனக்கு வேறு ஒரு வழி இருக்கிறது, யாருக்கும் சொல்லிக்கொடுக்காத வழி. பீஸை விளக்குக்கு நேரே காட்டாமல், சாய்த்து, வெளிச்சம் மேலாக வழிந்து போகிற மாதிரி பிடித்தால், மேடு பள்ளம் இருக்கிற இடத்தில் நிழல் விழும். கோட்டைப் பார்க்க வேண்டாம், நிழலைப் பார்த்தால் போதும். சாய்க்கிறேன். வளைவின் உள்பக்கம் நிழல் ஒரு இடத்தில் உடைகிறது. மறுபடி சாய்க்கிறேன், மறுபடி அதே இடத்தில் உடைகிறது. உருக்கின இரும்பு இரண்டு பக்கமிருந்து ஓடி வந்து சந்திக்கிற இடத்தில், சூடு போதாமல், ஒட்டாமலே ஆறிப்போனால் ஒரு மயிர்க்கோடு நிற்கும். கோல்டு ஷட் என்போம். வெளியே கோடு, உள்ளே பிளவு, பாரம் ஏறினால் ஒரு நாள் அந்த இடத்தில் விட்டுப்போகும். இருக்கிறதா. இருக்கிறது. இல்லை, அச்சின் சுருக்கமாகவும் இருக்கலாம். இல்லை, இருக்கிறது. ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிகிறது, பக்கத்து மேஜையில் சிந்துஜாவின் கை ஒரு கணம் நிற்கிறது. கிராஸ் போடுகிறேன். போட்டதும் மனசில் ஒரு நிம்மதி, நல்ல பசிக்குச் சோறு விழுந்த மாதிரி. மிச்சம் மூன்றும் சரி. டிக், டிக், டிக்.

பத்து முடிந்து ட்ரே அவள் பக்கம் போகிறது, மாசிலாமணி அண்ணன் ட்ரே என்னிடம் வருகிறது. நான் என் பீஸைப் பார்க்க வேண்டும். பார்க்கிறேன். மேல் முகம், கீழ் முகம். அவள் அரிசித் தழும்பை எடுத்துவிட்டாளா. இன்னும் இல்லை. இரண்டு காது, நடுத் துளை. நாலடி தள்ளி இருக்கிற அவள் மேஜை எனக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. அவள் நகத்தில் உரிந்த சாயம் தெரிகிறது, பேப்பரின் கோடு தெரிகிறது, என் கையில் இருப்பதுதான் தெரியவில்லை. சின்ன வயசில் அம்மா எனக்கும் என் அக்காவுக்கும் ஆளுக்கொரு அச்சுவெல்லம் கொடுப்பாள், ஒரே அச்சில் வார்த்தது, எறும்புகூட வித்தியாசம் சொல்லாது. எனக்கு அக்கா கையில் இருப்பதுதான் பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், என் கையில் இருப்பது பிசுபிசுத்து ஒழுகும். "உன்ற கண்ணு என்னைக்குடீ உன்ற கையில இருந்துருக்குது" என்பாள் அம்மா. அவளுக்கு என்ன தெரியும், எனக்கு நாற்பதுக்கு மேல் அது வைத்தியக் காரணமாகவே ஆகிப்போகும் என்று. எடுத்துவிட்டாள். அரிசித் தழும்பை எடுத்துவிட்டாள். திருப்புகிறாள், விளக்குக்கு நேரே காட்டுகிறாள், சாய்க்கவில்லை. அவள் கை மறைத்து எழுத்து தெரியாவிட்டாலும் பேனா தெரியும். டிக் என்றால் பேனா ஒரு வீச்சு, கிராஸ் என்றால் இரண்டு. பேனா ஒரு தடவை போனது. ஒரே வீச்சு. யோசிக்கவே இல்லை. அவள் தப்பு விட்டுவிட்டாள் என்று சந்தோஷப்பட வேண்டியவள் நான், அதற்குத்தானே ஆறு மாசமாகக் காத்துக்கிடக்கிறேன். சந்தோஷம் வரவில்லை. அவள் கண்ணுக்கு இல்லாதது என் கண்ணுக்கு எப்படி இருக்கும். என் கண் எப்படிப்பட்டது என்று எனக்கல்லவா தெரியும். கொக்குகள் இறங்கின, சேற்றில் புதைந்திருந்தன. அது கோடு இல்லை, என் கண் போட்ட கோடு. அதற்குப் பிறகு என் பீஸைப் பழகின கை தானாகத் திருப்பிச் சாய்த்தது, நான் அவள் பேனாவைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூலையில் கருப்பாகக் கறை இருந்த இரண்டு பீஸை நான் துடைத்தால் போகிற மணல் கறைதானே என்று டிக் போட்டிருந்தேன், அவள் பேனா இரண்டுக்கும் இரண்டு தடவை போனது. ஆக மூன்று. முப்பதில் மூன்றில் அவளும் நானும் வேறு. மாசிலாமணி அண்ணன் என்ன போட்டார் என்று பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவும் இல்லை, அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்.

டீ வருகிறது. தியாகு சாரும் அவருடைய ஆளும் பீஸைக் கலைத்து வேறு நம்பர் ஒட்டுகிறார்கள், எங்களைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டார்கள். மாசிலாமணி அண்ணன் பன்னை டீயில் நனைத்துக்கொண்டே, "எதுக்கு ரெண்டு சுத்து? ஒருக்கா பாத்தது பாத்ததுதானுங்களே, அது மாறவா போகுது" என்கிறார். இந்த மனுஷனுக்கு ஷெட்டுக்குப் போகிறோமே என்கிற பயம்கூட இல்லை. சிந்துஜா கப்பை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். "பயமா இருக்குதுங்க்கா" என்கிறாள் என்னிடம். "உனக்கென்ன சாமி பயம்" என்கிறேன். "எங்கம்மாவுக்குத் தூசி ஒத்துக்காதுங்க்கா, எனக்கும் அதே வாகு. ஷெட்டுல போட்டா நான் வேலைய விட்டுரணும்." இதை ஏன் என்னிடம் சொல்கிறாள். எனக்கு மட்டும் தூசி பன்னீரா. மகளுக்கு இன்னும் ஒரு வருஷம் காலேஜ் இருக்கிறது, வீட்டுக்காரருக்கு ஸ்பின்னிங் மில்லில் வாரம் மூன்று நாள்தான் ஷிஃப்ட், இதையெல்லாம் நான் யாரிடமாவது சொன்னேனா. ஆனால் உண்மையைச் சொன்னால் அதுகூட இல்லை என் கவலை. ஷெட்டில் அடுக்கினாலும் அதே சம்பளம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். நான் அங்கே நின்று பீஸ் அடுக்கும்போது அவள் இங்கே என் நாற்காலியில் உட்கார்ந்து, என் விளக்குக்குக் கீழே, வெள்ளைப் பொட்டு வைத்துக்கொண்டிருப்பாள். தியாகு சார் ஆட்களைக் கூட்டி வந்து காட்டுவார். அதை நான் ஷெட் வாசலிலிருந்து பார்ப்பேன், நன்றாகத் தெரியும், தூரம்தானே.

இரண்டாவது சுற்று. மேல் முகம், கீழ் முகம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பீஸ் முறிந்து திரும்பி வந்தது, எங்கோ மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டதாம், ஆளுக்கு ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு மேஜை மேல் வைத்தார்கள், முறிந்த காதில் என் பச்சைப் பொட்டு. நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தூங்கினால் வண்டி இறங்கிக்கொண்டே இருக்கும், பிரேக் பிடிக்காது, வண்டிக்குள் முகம் தெரியாத ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும். ஐந்தாம் நாள் லேப்பில், இது வார்ப்புத் தப்பு இல்லை, மெக்கானிக் போல்ட்டைத் தப்பாக முறுக்கியிருக்கிறான் என்று எழுதினார்கள். அன்றைக்கு அழுதேன். அன்றைக்குத்தான் தியாகு சார் முதல் தடவையாக லேப்புக்குச் சமம் என்று சொன்னார். இந்தப் பயமெல்லாம் எனக்கு இருக்கிறது, இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. இரண்டு காது. இடது காதில் அரிசித் தழும்பு. வந்துவிட்டது. இந்தத் தடவையும் எனக்குத்தான் முதலில் வந்திருக்கிறது. சாய்க்கிறேன். நிழல் உடைகிறது. சாய்க்காமல் நேரே காட்டுகிறேன், அவள் காட்டின மாதிரி. ஒன்றும் இல்லை, வழவழவென்று இருக்கிறது. நேரே பார்த்தால் இல்லை, சாய்த்தால் இருக்கிறது. எது நிஜம். அவள் ஒரே வீச்சில் போட்டாளே, ஒரு வினாடிகூட நிற்கவில்லையே. கண் நன்றாக இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், யோசிக்கவே வேண்டியிருக்காது, எனக்கும் முப்பத்தைந்து வயசில் அப்படித்தான் இருந்தது. மூன்று பீஸில் அவளும் நானும் வேறு வேறு என்றால் தியாகு சார் யார் பக்கம் நிற்பார். அவள் பக்கம். அப்புறம் என் கண்ணைச் சோதிப்பார்கள், வேறு அட்டையில். மலைப்பாதையில் வண்டி இறங்குகிறது. ஒன்றும் இல்லை, அச்சின் சுருக்கம்தான். இடது கையால் பேப்பரை மறைத்துக்கொள்கிறேன், பள்ளிக்கூடத்தில் சிலேட்டை மறைக்கிற மாதிரி. யாரிடமிருந்து மறைக்கிறேன் என்று தெரியவில்லை. பேனா ஒரு தடவை போகிறது. கறை இருந்த இரண்டும் அடுத்தடுத்த ட்ரேயில் வந்தன, அவற்றுக்குக் கிராஸ் போட்டேன், அவள் போட்ட மாதிரியே.

அரிசித் தழும்பு அவள் கைக்குப் போனபோது பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன். தியாகு சாருக்குப் போன் வந்தது. சரியாக எங்கள் இரண்டு மேஜைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு, "ஆமாங்க சார், மத்தியானத்துக்குள்ள பேர் அனுப்பீர்றேன்" என்று பேசிக்கொண்டே இருந்தார். அவர் சட்டையின் மடிப்பு, காலருக்குக் கீழே ஒரு நூல் பிரிந்திருந்தது, எல்லாம் தெரிந்தது. அவள் மட்டும் தெரியவில்லை. அவர் நகர்ந்தபோது ட்ரே மாசிலாமணி அண்ணனிடம் போயிருந்தது. போகட்டும். அவள் என்ன போட்டிருப்பாள் என்று எனக்குத்தான் தெரியுமே. பேப்பரைக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினேன், சாப்பிட்டேன், என்ன குழம்பு என்று நினைவில்லை.

ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டார்கள். தியாகு சார் முன்னால் மூன்று பேப்பரும் இருந்தன, மூன்று பீஸும் இருந்தன, ஒன்றில் அரிசித் தழும்பு. அவர் முகத்தில் கோபம் இல்லை, ஏதோ கணக்கு விடை வராத பையன் மாதிரி இருந்தார். "ருக்மணியக்கா, மொத சுத்துல உங்களுக்கு முப்பதுக்கு முப்பது. நான் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து இப்படி ஒரு ஷீட் பாத்ததில்லைங்க" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. "ரெண்டாவது சுத்துல மூணு தப்பு. இந்த மூணு. சிந்துஜா, உனக்கு மொத சுத்துல மூணு தப்பு, ரெண்டாவது சுத்துல முப்பதுக்கு முப்பது. அதே மூணு. ஏனுங்க, நடுவுல ரெண்டு பேரும் எடம் மாறி உக்காந்துக்கிட்டீங்களா?" அவர் அரிசித் தழும்பை எடுத்து, வளைவில், விரிசல் இருந்தால் உள்ளே இறங்குகிற சிவப்பு மருந்தை அடித்து, துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு கோடு ஊறி வந்தது, நான் நிழல் உடைந்ததைப் பார்த்த அதே இடத்தில், அதே நீளத்தில். நாலடி தள்ளி நின்றிருந்தேன், ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது. "மாசிலாமணியண்ணன் ரெண்டு நல்ல பீஸ வேண்டாம்னு வெச்சாரு. ரெண்டாவது சுத்துலயும் அதே ரெண்ட வேண்டாம்னு வெச்சாரு. கெட்டது ஒண்ணயும் விடல. அவர் எங்க தப்புவார்னு எனக்குத் தெரியும், சொல்லித் திருத்திக்கலாம், அவர் பேரத்தான் அனுப்பறேன். உங்க ரெண்டு பேத்துல எந்தச் சுத்த நான் நம்பறது?" என்றார். மாசிலாமணி அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான் சொன்னனுங்களே, பாத்தது பாத்ததுன்னு" என்றார், பெருமைகூட இல்லாமல்.

சாயந்திரம் கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் என் பக்கத்தில் நின்றாள். அழுதிருக்கிறாள், மை கரைந்து கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்னத் திருப்தி வந்தது, வந்ததை ஏன் மறைக்க வேண்டும். "தப்பு என்ற மேலதானுங்க்கா" என்றாள். "மொத சுத்துல அந்தத் தழும்பு இருந்த பீஸ நான் டிக் போட்டுட்டேன். நீங்க அதைய ரொம்ப நேரம் வெச்சுப் பாத்து கிராஸ் போட்டீங்கல்ல, எனக்கு அப்பறம் மனசே ஆறலீங்க்கா. ரெண்டாவது சுத்துல கிராஸ் போட்டுட்டேன். மத்த ரெண்டும் அப்படித்தான், நீங்க போட்டத வெச்சுத்தான்." என் பேப்பரை நீ எப்படிப் பார்த்தாய் என்று கேட்டேன். "பேப்பரைப் பாக்கலீங்க்கா. பேனா ரெண்டு தடவ போச்சுங்களே" என்றாள். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, தூசி அடங்கும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஆறு மாசமாக அவளைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேனே, அவள் அவ்வளவு நாளும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "ரெண்டாவது தடவ கோடு தெரிஞ்சுதா உனக்கு" என்றேன். "இல்லீங்க்கா. எப்படிப் பாத்தாலும் தெரியல." "தெரியாமலா கிராஸ் போட்ட?" "நீங்க போட்டீங்களே" என்றாள். இந்த ஒன்பது வருஷத்தில் இதைவிட இனிப்பாக யாரும் எனக்கு எதுவும் சொன்னதில்லை. அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்கலாம், நீ டிக் போட்டதைப் பார்த்துத்தான் சாமி நானும் டிக் போட்டேன் என்று. பீஸைச் சாய்த்துப் பிடி, வெளிச்சம் வழிந்து போக விடு, கோட்டைத் தேடாதே நிழலைப் பார் என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். இரண்டுமே நாக்கு நுனி வரைக்கும் வந்தன. அவள் ஈரக் கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டத்தில் நின்றதால் முகம் கலங்கலாகத்தான் இருந்தது, இருந்தும் அந்தக் கண் எவ்வளவு நல்ல கண் என்று எனக்குத் தெரிந்தது. "எதுக்கும் நீ கண்ண ஒருக்கா டெஸ்ட் பண்ணிக்க கண்ணு" என்றேன். "சரிங்க்கா" என்றாள். அவள் அப்படியே நம்பிவிடுகிறவள், நாளைக்கே போய்ச் சோதித்துக்கொள்வாள். தூரத்தில் வளைவில் பஸ் திரும்பியது, அதன் போர்டில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரிந்தது.